‘சரியாகத்தான் வருகிறது’ என்ற வரி

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் சி மொழித் தொடரின் சென்ற பகுதியில், வந்த செய்தியிலிருந்து ஓர் எண்ணை எடுக்க, பைட் பாயிண்டரை (பைட்டின் நினைவக முகவரியை வைத்திருக்கும் மாறியை) இன்ட் பாயிண்டராக, அதாவது முழு எண்ணின் முகவரியாக, காஸ்ட் செய்து (வகை மாற்றி) படிக்கலாம் என்று எழுதியிருந்தது. ‘ஓட்டிப் பார்த்தோம், சரியாகத்தான் வருகிறது’ என்று கூடவே ஒரு வரி. அந்த வரியை நம்பி நான் ஒரு வாரம் தொலைத்திருக்கிறேன்.

எங்கள் சென்சார் அனுப்பும் செய்தியில் முதல் பைட் வகை, அடுத்த நான்கு பைட் அளவீடு. ஆக, அளவீடு ஒற்றைப்படை முகவரியில் தொடங்கும். மேசைக் கணினியில் ஓடியது, ஆர்ம் வகைச் சிறு சிப்பான கார்டெக்ஸ் எம்4 போர்டிலும் ஓடியது. விலை குறைவு என்று அதே குடும்பத்தின் எளிய எம்0 சிப்புக்கு மாறினோம். முதல் செய்தி வந்ததுமே ஹார்ட் ஃபால்ட் (சிப் நிரலை நிறுத்திவிடும் பெரும்பிழை)! ஒயரைச் சந்தேகப்பட்டேன், பவர் சப்ளையைச் சந்தேகப்பட்டேன், சென்சாரைக்கூட மாற்றினேன். என் காஸ்ட் வரிப் பக்கம் மட்டும் திரும்பவே இல்லை.

நான்கால் வகுபடாத முகவரியிலிருந்து நான்கு பைட்டை ஒரே லோடில் (நினைவகத்திலிருந்து படிக்கும் கட்டளையில்) எடுக்க எம்0 விடாது. எம்4 சாதாரண லோடுகளில் விட்டுக்கொடுக்கும். பல ரிஜிஸ்டர்களை ஒன்றாக நிரப்பும் எல்டிஎம் கட்டளை வந்தால் அதுவும் படுத்துவிடும். பழைய ஆர்ம் சிப்கள் சில பிழையே காட்டாமல் பைட்களைச் சுழற்றித் தப்பான எண்ணைக் கொடுத்தன. அதற்கு ஹார்ட் ஃபால்ட் எவ்வளவோ தேவலாம். மேசைக் கணினியின் எக்ஸ்86 சிப் தப்பியதா என்றால், அதுவும் இல்லை. லூப்பை வேகப்படுத்தும் கம்பைலர், 16 பைட் சீரமைப்பை (முகவரி 16ஆல் வகுபடுவதை) எதிர்பார்க்கும் எஸ்எஸ்இ கட்டளையை, அதாவது பல எண்களை ஒன்றாகக் கையாளும் கட்டளையை, போட்டுவிட்டால் அங்கேயும் நிரல் விழும். கம்பைலரைக் குறை சொல்ல முடியாது: சீரமையாத முகவரியை இன்ட் பாயிண்டராக மாற்றுவதையே சி மொழித் தரம் வரையறுக்கப்படாத நடத்தை (என்ன நடக்கும் என்று எந்த உறுதியும் இல்லை) என்கிறது.

செய்ய வேண்டியது சின்ன வேலை. ஓர் இன்ட் மாறியை வைத்துக்கொண்டு சியின் நகலெடுக்கும் ஃபங்ஷனான மெம்காப்பியால் நான்கு பைட்டை அதில் நகலெடுங்கள். மெதுவாகும் என்ற பயம் வேண்டாம். ஆப்டிமைசேஷன் போட்டால், சிப் அனுமதிக்கிற இடத்தில் ஜிசிசி, கிளாங் கம்பைலர்கள் அதை ஒரே லோடாக்கிவிடும். எம்0வில் பைட் பைட்டாக எடுக்கும்.

அடுத்த பகுதியில் அந்தக் காஸ்ட் வரியைத் திருத்தி வெளியிடுங்கள். ஓடும்போதே பிழை பிடிக்கும் கம்பைலர் வசதியான சானிடைசரின் அலைன்மென்ட் (சீரமைப்பு) சோதனையை ஆன் செய்து உங்கள் பழைய உதாரணத்தையே ஓட்டினால், மேசைக் கணினியிலேயே எந்த வரி என்று சொல்லிவிடும். எனக்கு அது அப்போது தெரியாது.

இப்படிக்கு,
ஃபர்ம்வேர் எழுதும் ஒரு வாசகன்