வராமல் போன கல்யாணத்துக்கு

மார்த்தாண்டம்,
ஞாயிறு மாலை

அன்புள்ள தாசு,

இங்கே எல்லோரும் நலம். உன் மகள் கல்யாணத்துக்கு வராமல் இருக்க நான் சொன்ன காய்ச்சல் பொய். மைனி அன்றே கண்டுபிடித்திருப்பார். நீதான் நம்பி மாத்திரைப் பெயரெல்லாம் சொன்னாய்.

எனக்குச் சொரியாசிஸ். முழங்கை, முழங்கால், தலை எங்கும் செதில். கறுப்புச் சட்டை போட்டால் தோளில் மாவு சலித்ததுபோல் கிடக்கும். மூன்று வருடம் ஒளித்தேன். நடுவில் ஒருவர் கொடுத்த பொடியில் ஒரே மாதத்தில் மறைந்தது. நிறுத்தியதும் முதுகு முழுக்கப் பற்றிக்கொண்டது. அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம் என்கிறார் இப்போது பார்க்கும் டாக்டர். பொடி என்றால் பக்கவிளைவே கிடையாது என்று எனக்கு வகுப்பெடுத்த மகான் நீதான்.

இது அழுக்கால் வருவதில்லை, ஒட்டுவதும் இல்லை. உடம்பைக் காக்க வேண்டிய அணுக்களே தோலை விரட்டுகின்றன. அடியில் பிறக்கும் தோல் மேலே வந்து உதிர ஏறக்குறைய ஒரு மாதம் ஆக வேண்டும். எனக்கு நாலைந்து நாள். கன்னிப்பூ, கும்பப்பூ இரண்டு போக நெல்லும் ஒரே வாரத்தில் களத்துக்கு வந்தால் எப்படி இருக்கும்? அதுதான் என் முழங்கை. தொண்டைப்புண், கவலை, ஒரு கீறல், சில இரத்த அழுத்த மாத்திரைகள்கூட அதைக் கிளப்பிவிடுமாம்.

இப்போது மெத்தோட்ரெக்சேட், வாரத்தில் ஒரே நாள். தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து என்று சீட்டில் 'திங்கள்' என்பதை வட்டமிட்டுக் கொடுத்தார். ஈரலுக்காக மதுவும் கூடாது, சிரிக்காதே. இது கேட்காவிட்டால், அழற்சியைத் தூண்டும் இன்டர்லூகின் 17 என்ற புரதத்தை மட்டும் தடுக்கும் ஊசி இருக்கிறது. காசநோய் இல்லை என்று பார்த்த பிறகே போடுவார்கள். விலையைக் கேட்டேன், ரப்பர் விலையை நினைத்தேன், எழுந்து வந்துவிட்டேன். அந்தப் புரதத்துக்கு முந்தைய படியிலேயே அழற்சியைத் தடுக்கும் டியூக்ராவாசிடினிப் என்ற மாத்திரைக்கு 2022-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்திருக்கிறது. எதுவும் வேரோடு பிடுங்காது, அடக்கி வைக்கும்.

"குடும்பத்தில் யாருக்காவது உண்டா?" என்று டாக்டர் கேட்டார். இல்லை என்றேன். திரும்பி வரும் பஸ்ஸில்தான் அப்பா நினைவுக்கு வந்தார். குழித்துறை ஆற்றில் நம்மோடு ஒருநாளும் இறங்கியதில்லை. மேட மாதச் சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டை. அளவான வெயில் இந்த நோய்க்கு நல்லதாம்; அவரோ விடியுமுன் பால்வெட்டப் போய், ரப்பர் நிழலிலேயே காலத்தைக் கழித்தார். தண்ணீருக்குப் பயம் என்று நாம் ஒரு பெயர் வைத்தோமே, நினைவிருக்கிறதா? வைத்தது நீ. வீடு வரை கொண்டுவந்து கூப்பிட்டது நான்.

அடுத்த ஞாயிறு அரைக்கைச் சட்டையோடு வருகிறேன். கல்யாண ஆல்பத்தை எடுத்து வை.

உன்,
செல்லன்