வாகரைச் சடங்குப் பாடல்களின் பதிவுகள் ஊருக்குத் திரும்ப வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சில வாரங்களுக்கு முன்னர் என் பேரன் தன் கைத்தொலைபேசியில் மூன்று நிமிடக் காணொளி ஒன்றைக் காட்டினான். மட்டக்களப்பு மாவட்டத்தின் வாகரையில், எங்கள் பக்கத்து வேடர் கிராமமொன்றில் நடந்த சடங்கு அது. வேடர்கள் இலங்கையின் பழங்குடியினர். பறை ஒலியை அடக்கிவிட்டு யாரோ வேறொரு இசையை ஏற்றியிருந்தார்கள். தலைப்பு ‘காட்டுவாசிகளின் நடனம்’. அதிலே நடனம் எதுவும் இல்லை. குமார தெய்வம் உருவேறிய வேளையை மட்டும் வெட்டி எடுத்து, அதற்கு முன்னர் மடை (படையல்) வைத்து நெடுநேரம் பாடப்பட்ட அழைப்புப் பாடலை முழுவதுமாக நீக்கியிருந்தார்கள். தெய்வம் எந்தக் காட்டைக் கடந்து, எந்த ஆற்றில் இறங்கி வருகிறது என்பதெல்லாம் அந்தப் பாடலில்தான் இருக்கிறது. அதைச் சிறுவயதிலிருந்து கேட்டு வந்த எனக்கே இடையிடையே பொருள் விளங்காத சொற்கள் பல உண்டு.

குஞ்சங்கல்குளம், மதுரங்கேணிக்குளம், பால்சேனை, களுவன்கேணி போன்ற இடங்களில் வாழும் கரையோர வேடர்கள் தமிழையே பேசுகிறார்கள். அதனாலேயே, அவர்களுடைய வாய்மொழி மரபு தனியே பேணப்பட வேண்டியது என்ற எண்ணம் எங்களில் பலருக்கு வருவதில்லை. 1911இல் வெளிவந்த, பிரித்தானிய மானிடவியலாளரான செலிக்மன் தம்பதியரின் வேடர் பற்றிய நூலில் கிழக்குக் கரையோர வேடர்களுக்கும் ஓர் அத்தியாயம் உண்டு. அந்த ஆய்வின்போது உள்நாட்டு வேடர்களின் பாடல்கள் மெழுகு உருளைகளில் பதிவு செய்யப்பட்டன. அவை இன்று இலண்டனில், பிரித்தானிய நூலகத்தில் இருக்கின்றன. பாடியவர்களின் பேரப்பிள்ளைகளில் எத்தனை பேர் அவற்றைக் கேட்டிருப்பார்கள்?

இது பழைய கதை என்று ஒதுக்கிவிட முடியவில்லை. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையும், அதன்பின் கிழக்கில் 2007 வரை நீடித்த போரும் வாகரைக் கரையைக் கலைத்துப்போட்ட பிறகு, ஒலிப்பதிவுக் கருவிகளோடு பலர் இங்கே வந்து போனார்கள். அவர்களில் ஒரு குழுவினருக்கு நானே வழிகாட்டிச் சென்றேன். சடங்குக் காலம் அல்லாத நாளில் பாடுவதற்குத் தயங்கிய முதியவரிடம், “பிள்ளைகளுக்காகத்தானே ஐயா” என்று சொல்லிப் பாடவைத்தவனும் நான்தான். பிரதி அனுப்புவதாகச் சொன்னார்கள்; வரவில்லை. முதியவர் காலமாகிவிட்டார். அவருடைய மகன் இன்றும் என்னைச் சந்திக்கும்போதெல்லாம் அந்தப் பதிவைக் கேட்கிறார். அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

பதிவு செய்யவே கூடாது என்பது என் கருத்தன்று. யார் கேட்கலாம், எப்போது கேட்கலாம் என்பதைப் பாடலுக்குரியவர்கள் தீர்மானிக்க வேண்டும் என்பதே நான் வலியுறுத்துவது. கண்ணகி அம்மன் கோயில்களில் வைகாசியில் கதவு திறந்து, அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்தி பாடும் வரையுள்ள ஒழுங்கை அறிந்த மட்டக்களப்பு, அம்பாறை வாசகர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அங்கே பாடப்படும் கண்ணகி கதையான வழக்குரைக் காவியம் அச்சில் கிடைக்கிறது என்பதற்காக அதை நினைத்த நேரத்தில் நினைத்த இடத்தில் வைத்துப் பாட நாம் ஒப்புக்கொள்வதில்லை. அதே மரியாதையை வேடர் சடங்குகளுக்கு ஏன் கொடுக்கத் தயங்குகிறோம்?

அவுஸ்திரேலியாவின் வறுமுங்கு பழங்குடி மக்களோடு சேர்ந்து உருவாக்கப்பட்ட ‘முக்குர்ட்டு’ என்ற கணினி ஆவணக் காப்பகத்தில், ஒவ்வொரு பதிவையும் யாருக்குத் திறக்கலாம் என்பதை அந்தச் சமூகமே வகுத்துக்கொள்ள வழி இருக்கிறது. சில பதிவுகளைப் பெண்கள் மட்டுமோ குறிப்பிட்ட குடும்பத்தார் மட்டுமோ பார்க்கும்படி வைத்துக்கொள்ளலாம். அந்த மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. குடிவழி, வயது, ஆண் பெண் என்ற வரையறைகள் நம் சடங்குகளிலும் இருப்பதால், இங்கும் அது பொருந்தும்.

ஆகவே கோறளைப்பற்று வடக்குப் பிரதேச செயலகத்தின் கலாசாரப் பிரிவினரிடமும் கிழக்குப் பல்கலைக்கழகத்தினரிடமும் வேண்டிக்கொள்வது இதுதான். இதுவரை வெளியாரிடம் சென்ற பதிவுகளின் பிரதிகளைத் திரட்டித் தாருங்கள். இனிப் பதிவு செய்ய வருவோர் ஊரிலேயே ஒரு பிரதியைக் கையளிப்பதை நிபந்தனையாக்குங்கள். கிராமத்து இளையோர் சிலருக்கு ஒலிப்பதிவையும் பதிவைக் கேட்டு எழுதுவதையும் கற்றுக்கொடுங்கள். எழுதும்போது முதியவர் சொன்ன சொல்லைப் பாடப்புத்தகத் தமிழுக்கு ‘திருத்தி’விடாதிருக்க அவர்களைப் பழக்குங்கள், ஆசிரியனாயிருந்த காலத்தில் அந்தத் தவறை நானே பலமுறை செய்திருக்கிறேன்.

இதை வாசிப்பவர்களில் எவரிடமாவது வாகரைப் பகுதியில் எடுத்த பழைய ஒலிநாடாக்கள் இருந்தால், அவை எந்த நிலையிலிருந்தாலும், தயவுசெய்து பிரதேச செயலகத்துக்கு அறிவியுங்கள். அந்த மகனுக்கு நான் இன்னும் ஒரு பதில் சொல்லவேண்டியிருக்கிறது.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
வாகரை.