பெரியவர் நூல்களும் பதின்மூன்று வயதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூரில் உயர்நிலைப் பள்ளிக்குச் செல்லும் நம் பிள்ளைகளில் தமிழ் நூல்களை விரும்பிப் படிப்பவர்கள் சிலரே. அந்தச் சிலருக்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன். ஆங்கிலத்தில் அவர்களுடைய வயதுக்கென்றே நாவல்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன. தமிழிலோ சிறுவர் கதைகளைத் தாண்டினால் பெரும்பாலும் நேரே பெரியவர் அலமாரிதான்.

திரைப்படங்களுக்கு இங்கே வயது வரம்பு உண்டு. படத்துக்கு என்சி16 என்ற முத்திரை இருந்தால் 16 வயது நிரம்பாதவர்கள் அரங்கினுள் நுழைய முடியாது. பிஜி13 என்பது பெற்றோருக்கான அறிவுரை மட்டுமே. நூல்களுக்கும் அத்தகைய முத்திரை வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

உயர்நிலை இரண்டில் படிக்கும் என் மகள் நூலகத்திலிருந்து இரண்டு நூல்களை இரவல் வாங்கி வந்தாள். ஒன்று, பூக்கோலம் வரைந்த அட்டையுடன் கூடிய குடும்ப நாவல். அதில் மனைவியைக் கைநீட்டி அடிக்கும் கணவனை அவள் பொறுத்துப் போவதே அன்பின் உச்சம் என்று முடித்திருந்தார்கள். மற்றது சிறுகதைத் தொகுப்பு. அதில் சாதிவெறியால் ஓர் இளைஞன் கொல்லப்படுகிறான். படிக்க மனம் கனக்கிறது என்றாலும், அடுப்பு மூட்டாமல் வாசலையே பார்த்திருக்கும் அவனுடைய தாயைப் பற்றிய பக்கத்தைப் படிக்கும் எந்தப் பிள்ளைக்கும் நியாயம் யார் பக்கம் என்பது விளங்கிவிடும். முத்திரை குத்தச் சொன்னால் இரண்டாவது நூல்தான் முதலில் மாட்டிக்கொள்ளும். ஆனால் மகளுடன் நெடுநேரம் உட்கார்ந்து நான் பேச வேண்டியிருந்தது முதல் நூலைப் பற்றித்தான்.

ஆகவே பெற்றோர் அந்நூல்களைத் தாங்களும் படிக்க வேண்டும். நூலகம் தரும் 21 நாள் தவணை இருவர் படிக்கப் போதுமானது. தொடக்கத்தில் சிறுகதைத் தொகுப்புகள் நல்லவை, ஏனெனில் ஒரு கதை பொருந்தாவிட்டால் அதை மட்டும் பின்னொரு நாளுக்கு ஒத்திவைக்கலாம். தற்கொலையைக் காதலின் வெற்றியாகக் காட்டும் கதைகளைப் பொறுத்தவரை, பேசாமல் விடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

தமிழில் சரளமாகப் படிக்க இயலாத பெற்றோர் இங்கே பலர் இருக்கிறார்கள். அவர்களுக்காகத் தேசிய நூலக வாரியமும் தமிழாசிரியர்களும் சேர்ந்து, பதின்ம வயதினர் படிக்கத்தக்க பெரியவர் நூல்களின் பட்டியல் ஒன்றை, ஒவ்வொரு நூலிலும் முன்கூட்டியே பேசவேண்டியது என்ன என்ற சிறு குறிப்புடன் வெளியிட வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
உட்லண்ட்ஸ்