சுளுக்கு என்று மூன்று மாதம் தேய்த்தோம்

ஆசிரியருக்கு வணக்கம்.

என் அம்மாவுக்கு 74 வயது. போன ஆடியில் தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போது நடுமுதுகில் 'சுருக்'கென்றது. சுளுக்கு என்று தைலம் தேய்த்தோம். பக்கத்து கிளினிக்கில் வலி ஊசி போட்டார்கள். மூன்று மாதம் ஓடிவிட்டது. எப்போதும் போல் கட்டிய சேலை தரையில் புரளத் தொடங்கியது. அம்மா உயரம் குறைந்திருக்கிறார் என்பது எனக்கு அப்போதும் உறைக்கவில்லை, அதுதான் இன்னும் மனதை அறுக்கிறது.

திருச்சியில் எக்ஸ்ரே எடுத்தபோது 12ஆவது மார்பு முள்ளெலும்பு முன்பக்கம் ஆப்பு போல நசுங்கியிருந்தது. எம்ஆர்ஐ-யில் எலும்பு இன்னும் கூடவில்லை என்று தெரிந்தது. முதுகில் ஊசி வழியே சின்ன பலூனை விரித்து, அந்த இடத்தில் எலும்பு சிமெண்டை நிரப்பினார்கள். கைபோபிளாஸ்டி என்று பெயர். மறுநாள் அம்மா தானே எழுந்து கழிவறைக்குப் போனார்.

எல்லாருக்கும் இது தேவையில்லை. பலருக்கு மருந்து, பெல்ட், சில வார ஓய்விலேயே வலி அடங்கிவிடும். பலூன் இல்லாமல் வெறும் சிமெண்ட் செலுத்தும் சிகிச்சை, போலிச் சிகிச்சையைவிட (சிமெண்ட் செலுத்தாமல் செலுத்தியது போல நடிப்பதைவிட) மேலானதல்ல என்று 2009இல் வந்த இரண்டு ஆய்வுகள் சொன்னதையும் மருத்துவரே எடுத்துச் சொன்னார்.

ஆனால் எலும்பு இப்படி நசுங்கக் காரணமான எலும்புப்புரைக்கு (எலும்பு அடர்த்தி குறைந்து வலுவிழக்கும் நோய்) டிஸ்சார்ஜ் சீட்டில் ஒரு மாத்திரைகூட இல்லை. நாங்கள் கேட்ட பிறகே எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எழுதினார்கள். டி-ஸ்கோர், அதாவது ஆரோக்கியமான இளம் வயதினரோடு ஒப்பிட்ட எலும்பு அடர்த்தி அளவு, மைனஸ் 3.4. மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே போனாலே எலும்புப்புரை. சிமெண்ட் ஒரு எலும்பைத்தான் தாங்கும், மற்றவை அப்படியேதானே இருக்கின்றன?

அறுபது தாண்டிய பெண் புதிதாக முதுகுவலி என்று வந்தால் ஊசி போடுவதற்கு முன் ஒரு எக்ஸ்ரே எடுங்கள். மாவட்ட அரசு மருத்துவமனைகள் எல்லாவற்றிலும் டெக்ஸா வசதி வேண்டும்.

— ஓய்வுபெற்ற ஆசிரியை, மணப்பாறை