முட்டுக்கட்டையை எப்போது எடுப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

'கட்டடப் பணியைப் பொதுப்பணித் துறை அமைச்சர் ஆய்வு செய்தார். விரைந்து முடிக்க உத்தரவிட்டார்' என்று வாரம் ஒரு செய்தியாவது நாளிதழ்களில் வந்துவிடுகிறது. அந்த உத்தரவால் எந்த நாட்கள் குறைகின்றன என்று எந்தச் செய்தியிலும் இல்லை.

கான்கிரீட்டில் கை வைக்கக்கூடாத நாட்கள் உண்டு. கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456-இன்படி, 4.5 மீட்டர் வரை ஸ்பேன் (தாங்கும் சுவர் அல்லது பீம்களுக்கு இடைப்பட்ட தூரம்) உள்ள ரூஃப் ஸ்லாபுக்கு அடியில் தாங்கும் முட்டு 7 நாள் நிற்க வேண்டும். அதற்கு மேல் போனால் 14 நாள். 6 மீட்டரைத் தாண்டிய பீமுக்கு 21 நாள். பி.பி.சி. எனும் கலப்புச் சிமென்ட் என்றால், கான்கிரீட் இறுகிப் பலம் பெறக் குறைந்தது 10 நாள் தண்ணீர் கட்ட வேண்டும். திறப்பு விழாவுக்குத் தேதி குறித்தாயிற்று என்றால் முதலில் வற்றுவது ஸ்லாப் மேல் பாத்தி கட்டி நிறுத்திய இந்தத் தண்ணீர்தான். அடுத்து, மேல்மாடி சென்ட்ரிங்குக்கு (கான்கிரீட்டைத் தாங்கும் தற்காலிகச் சாரத்துக்கு) முட்டு போதவில்லையென்று கீழே நிற்பதை உருவுவார்கள். ஸ்லாப் நடுவில் தொய்ந்து, அடியில் மயிரிழை வெடிப்பு விடும். சில மழைக்காலம் போனால் ஒழுகல், கம்பியில் துரு. ஆனால் அதே கான்கிரீட்டில் வார்த்த மாதிரிக் கட்டியை 28-ஆம் நாள் நசுக்கிப் பார்க்கும் கியூப் சோதனையில் எல்லாம் தேறியிருக்கும்! அந்த 15 செ.மீ. கியூப் தொட்டித் தண்ணீரில் முழுசாக ஊறியது, ஸ்லாப் ஊறவில்லை.

அமைச்சர் குறைக்க வேண்டிய நாட்கள் கோப்பில் கிடக்கின்றன. நிர்வாக ஒப்புதல் அரசாணை, நிதி ஒதுக்கீடு, வில்லங்கமில்லாத இடம் ஆகியவை அரசு தர வேண்டியவை. தொழில்நுட்ப ஒப்புதல் பொறியாளர்களின் பொறுப்பு. பெரிய தாமதம் பெரும்பாலும் மண் பரிசோதனையில்லாமல் போட்ட மதிப்பீட்டில் தொடங்குகிறது. தோண்டிய பிறகு களிமண் என்று தெரிந்து ஆழத்தில் தூண்கள் இறக்கும் பைல் அடித்தளத்துக்கு மாறினால் தொகை எகிறும். திருத்திய நிர்வாக ஒப்புதலுக்குக் கோப்பு மறுபடி தலைமைச் செயலகம் ஏறும். நிதித் துறை கேள்வி கேட்டுத் திருப்பும். ஒப்பந்ததாரர் அதுவரை ஆட்களை வேறு வேலைக்கு அனுப்பிவிடுவார். மாதக்கணக்கில் போவது அங்கேதான்.

(நாமும் சளைத்தவர்கள் அல்ல. 2021-இல் நீர்வளத் துறை தனியாகப் பிரிந்த பிறகும் ஏரி மடை உடைந்ததற்குப் பொதுப்பணித் துறை அமைச்சருக்கே மனு எழுதுகிறோம்.)

அடுத்த ஆய்வுச் செய்தியில் நிர்வாக ஒப்புதல் கிடைத்த தேதி, இடத்தை ஒப்படைத்த தேதி, கடைசி ஸ்லாப் போட்ட தேதி மூன்றையும் கேட்டு வாங்கிப் போடும்படி நிருபர்களிடம் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உதவிச் செயற்பொறியாளர்,
தஞ்சாவூர்.