கயலுக்கு: எதைக் கேட்பது, எதை விடுவது

சத்துவாச்சாரி, வேலூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள கயல்,

ரயிலில் போக வரச் சும்மாதான் உட்கார்ந்திருக்கிறேன், நீ கேட்கிற பாட்காஸ்ட்டில் நாலு பெயர் அனுப்பும்மா என்று எழுதியிருந்தாய். வெறும் பெயரை அனுப்பினால் ஒன்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு மூடி வைத்துவிடுவாய், உன்னைப் பற்றித் தெரியாதா எனக்கு? அதனால்தான் கடிதமாகவே எழுதுகிறேன். அப்பா தூங்குகிறார். வெயில் இறங்கும்வரை எனக்கும் வெளியே போக வழியில்லை.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். புதிதாக என்ன ஃபோன் வந்தது, எந்தக் கம்பெனியை எவன் வாங்கினான் என்று மூன்று பேர் உட்கார்ந்து சிரித்துப் பேசும் நிகழ்ச்சிகளை நான் எப்போதோ விட்டாயிற்று. அந்த ஃபோன் லாங் பஜாருக்கு வருவதற்குள் அதற்கு அடுத்தது வந்துவிடுகிறது. ஒரு காரியம் எங்கே, எப்படிக் கோளாறானது என்று ஆதியோடு அந்தமாகச் சொல்கிறவர்களைத்தான் எனக்குப் பிடிக்கும். பேங்க் புத்தி. டே புக்கில் ஒரு ரூபாய் உதைத்தாலும், எங்கே உதைக்கிறது என்று பார்க்காமல் எழுந்திருக்க மாட்டோம். வேலை ஓய்ந்தாலும் அந்தப் புத்தி ஓயவில்லை.

அந்த வகையில் முதலில் நிற்பது டார்க்நெட் டைரீஸ். ஜாக் ரைஸைடர் என்பவர் 2017லிருந்து நடத்துகிறார். ஹேக்கர்கள், அவர்களிடம் மாட்டியவர்கள், அவர்களைத் துரத்தியவர்கள் என்று தடவைக்கு ஒரு கதை. பெயரைப் பார்த்து மிரளாதே, வீட்டில் எல்லாரும் கேட்கலாம். நீ வரிசையாகப் போகவேண்டாம், 72ஆவது பகுதியில் தொடங்கு. பங்களாதேஷ் மத்திய வங்கியில் 2016 பிப்ரவரியில் நடந்த திருட்டு.

நான் அதைக் கேட்டது காந்தி ரோட்டில் நடந்துகொண்டே. சி.எம்.சி. ஆஸ்பத்திரியைச் சுற்றி லாட்ஜ், மெஸ், மருந்துக்கடை எங்கும் வங்காள எழுத்துப் பலகைதான் என்று உனக்குத் தெரியும். ஸ்கேன் கவரைக் கையில் வைத்துக்கொண்டு அந்த ஊர்க்காரர்கள் எதிரே வந்துகொண்டிருக்கிறார்கள், என் காதில் அவர்கள் நாட்டுப் பணம் போன கதை. ஒரு மாதிரி ஆகிவிட்டது எனக்கு.

நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கியில் பங்களாதேஷுக்கு ஒரு கணக்கு உண்டு. வங்கிகள் ஒன்றுக்கொன்று பண உத்தரவு அனுப்பிக்கொள்ளும் ஸ்விஃப்ட் என்ற வலை வழியாக அந்தக் கணக்கிலிருந்து பணம் எடுக்கச் சொல்லி 35 உத்தரவுகள் போகின்றன, மொத்தம் கிட்டத்தட்ட 95 கோடி டாலர். திருடர்கள் நாள் பார்த்த அழகைக் கேள். கை வைத்தது வியாழக்கிழமை ராத்திரி. வெள்ளி, சனி டாக்காவில் லீவு. சனி, ஞாயிறு நியூயார்க்கில் லீவு. திங்கட்கிழமை சீனப் புத்தாண்டு, பணம் போய்ச் சேர்ந்த மணிலாவில் லீவு. நம் ஊர்ப் பஞ்சாங்கத்தில் தேடினாலும் இப்படி ஒரு முகூர்த்தம் கிடைக்காது.

அப்புறம் டாக்கா வங்கியில் இருந்த அந்தப் பிரிண்டர். வருகிற ஸ்விஃப்ட் செய்தியை எல்லாம் ராத்திரி பகல் பாராமல் தானாகவே அச்சடித்துத் தள்ளுகிற பிரிண்டர் அது. வெள்ளிக்கிழமை லீவு நாள் டியூட்டிக்கு வந்தவர்கள் பார்த்தால் தட்டில் ஒரு காகிதம்கூட இல்லை. பிரிண்டர்தானே, மக்கர் பண்ணுகிறது, பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். அதை ஊமையாக்கியதே திருடர்களின் புரோகிராம்தான். மறுநாள் பிரிண்டருக்கு உயிர் வந்ததும் நியூயார்க்கிலிருந்து வந்திருந்த கேள்விகள் எல்லாம் வரிசையாக விழுகின்றன: இவ்வளவு பணத்தை நிஜமாகவே அனுப்பச் சொன்னீர்களா? அடித்துப் பிடித்துக் கூப்பிட்டால் அங்கே எடுக்க ஆள் இல்லை. பாஸ்புக் பிரிண்டர் மக்கர் பண்ணிக் கியூ வாசல்வரை நின்றதை நீயே சின்ன வயதில் பார்த்திருக்கிறாய். காகிதம் வராத பிரிண்டரைப் பார்த்துத் திருட்டு என்று எந்த கிளார்க்குக்குத் தோன்றும், சொல்?

35இல் ஐந்துதான் நிறைவேறியது. அதில் 2 கோடி டாலர் இலங்கையில் ஓர் அறக்கட்டளைக்குப் போகவேண்டியது. ஃபவுண்டேஷன் என்று அடிக்கவேண்டிய இடத்தில் ஃபண்டேஷன் என்று அடித்துவிட்டார்கள். நடுவில் இருந்த வங்கியில் யாரோ அதைக் கவனித்து, இது என்ன என்று கேட்கப்போய் அந்தப் பணம் திரும்பிவிட்டது. மணிலாவில் பணம் போன கிளை ஜூபிடர் தெருவில் இருந்தது. தடை செய்யப்பட்ட ஈரான் கப்பல் ஒன்றின் பெயரிலும் ஜூபிடர் இருந்ததால் நியூயார்க்கில் மிச்ச உத்தரவுகள் சிக்கி நின்றன. ஒரு தெருப் பெயர் காப்பாற்றியிருக்கிறது, பார். ஆனாலும் 8 கோடியே 10 லட்சம் டாலர் மணிலாவுக்குப் போய், அங்கிருந்து சூதாட்ட விடுதிகளில் கரைந்துவிட்டது.

கோட்டையைச் சுற்றி நடக்கிற நம் கூட்டத்தில் இதைச் சொன்னேன். அன்றைக்கு நடையே ஓடவில்லை. அகழி ஓரத்துத் திண்ணையில் உட்கார்ந்து முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் எழுந்தார்கள். இப்போதெல்லாம் என்னைக் கண்டதும், “இன்னாக்கா, இன்னிக்கு எவன் வூட்ல திருட்டு?” என்பதுதான் முதல் பேச்சு.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஊருக்கு ஊர் பணம் தந்தியில்தான் போகும். தந்தியில் ஒரு ரகசிய எண் இருக்கும். தொகை, தேதி, கிளை எல்லாவற்றையும் வைத்துக் கணக்குப் போட்டு வருவது. அதற்கான புத்தகம் ஆபீசர் கையில், பூட்டிய பெட்டியில். நாம் இங்கே போட்டுப் பார்க்கும்போது அந்த எண் ஒத்துவந்தால்தான் பணம் கொடுப்போம். அதே வேலையை இன்று கம்ப்யூட்டர் எப்படிச் செய்கிறது என்று எனக்குப் புரியவைத்தவர் ஸ்டீவ் கிப்சன். அவரும் லியோ லபோர்ட்டும் நடத்தும் செக்யூரிட்டி நவ் 2005 ஆகஸ்டில் தொடங்கியது, 2024 நவம்பரில் ஆயிரமாவது பகுதி வந்தது. 999உடன் முடித்துக்கொள்வதாகச் சொல்லிக்கொண்டிருந்த கிப்சன், மனசு மாறித் தொடர்கிறார். எழுபதைத் தொட்ட மனுஷர். வாரா வாரம் இரண்டு மணி நேரம் பேச விஷயம் வைத்திருக்கிறார்!

உண்மையைச் சொன்னால் அதில் பாதி என் தலைக்கு மேலே போகும். ஆனால் அடிப்படையிலிருந்து அவர் ஏறி வரும்போது கூடவே போகலாம். இரண்டு எண்கள், ஒன்றை ஊருக்கே சொல்லலாம், மற்றதை யாரிடமும் சொல்லக்கூடாது, ஊருக்குச் சொன்னதால் பூட்டியதைச் சொல்லாததால் மட்டும்தான் திறக்க முடியும் என்பதை அவர் சொல்லித்தான் பிடித்துக்கொண்டேன். அவர் பேசியது முழுவதும் எழுத்தாக அவருடைய தளத்திலேயே கிடைக்கிறது. காதில் நழுவியதைக் கண்ணால் பிடித்துக்கொள்கிறேன். உனக்கு அது தேவைப்படாது.

மறுபடி ரைஸைடரிடம் வருகிறேன். 54ஆவது பகுதியையும் கேள், அது உன் ஊர்க் கதை. 2017 ஜூன் 27 அன்று உக்ரைனில் வரிக்கணக்கு மென்பொருள் ஒன்றின் வழியாகக் கிளம்பிய நாட்பெட்யா என்ற நாசகாரப் புரோகிராம், மேர்ஸ்க் கப்பல் கம்பெனியின் கம்ப்யூட்டர்களை உலகம் முழுக்கத் துடைத்துப் போட்டது. உங்கள் ரோட்டர்டாம் துறைமுகத்தில் அவர்களுடைய முனையமும் நின்றுபோனது. யார் யார் ஊழியர், யாருக்கு எங்கே அனுமதி என்று பதிவு வைத்திருக்கும் சர்வர்கள் கிட்டத்தட்ட 150, எல்லாம் ஒன்றுக்கொன்று நகல், எல்லாம் காலி. ஒன்றே ஒன்று மிஞ்சியது, கானா நாட்டில். எப்படி மிஞ்சியது தெரியுமா? அந்த நேரத்தில் அங்கே கரண்ட் இல்லை!

அந்த இடத்தில் நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். 2012இல் நீ எமர்ஜென்சி லைட்டில் பிளஸ் டூவுக்குப் படித்தவள், கரண்ட் கட்டால் ஒரு நல்லதும் நடந்திருக்கிறது என்று தெரிந்துகொள். அந்த டிஸ்க்கை லண்டனுக்குக் கொண்டுபோகலாம் என்றால் கானா ஊழியர்கள் யாருக்கும் பிரிட்டிஷ் விசா இல்லை. ஒருவர் நைஜீரியாவரை பறந்து போய் இன்னொருவர் கையில் கொடுக்க, அவர் லண்டன் போனார். விசாவுக்காக நீ பட்ட பாட்டைப் பார்த்த எனக்கு அதில் அதிசயம் ஒன்றும் தெரியவில்லை. 45,000 கம்ப்யூட்டர்களையும் 4,000 சர்வர்களையும் பத்தே நாளில் திரும்ப நிறுவினோம் என்று அந்தக் கம்பெனித் தலைவரே பிற்பாடு சொன்னார்.

“காதுல மாட்டிகினு தனியா சிரிச்சிகினு கீறா, பாக்கறவன் இன்னா நெனைப்பான்?” என்கிறார் உன் அப்பா. நினைத்துவிட்டுப் போகட்டும்.

அக்வயர்ட் என்று ஒன்று இருக்கிறது. பென் கில்பர்ட், டேவிட் ரோசென்தால் இருவரும் 2015லிருந்து செய்கிறார்கள். ஒரு கம்பெனியை எடுத்துக்கொண்டால் மூன்று மணி, நாலு மணி நேரம் விடமாட்டார்கள். சமைத்துக்கொண்டே கேட்க அது தோதுப்படாது. சித்தி வீட்டுக்குச் சென்னை போகும்போது காட்பாடியில் ஏறி உட்கார்ந்து போட்டால் போகும்போது பாதி, வரும்போது பாதி. தைவானின் சிப் செய்யும் கம்பெனி டி.எஸ்.எம்.சி. பற்றியது அருமை. மோரிஸ் சாங் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸில் 25 வருஷம் வேலை பார்த்துவிட்டு, ஐம்பது தாண்டிய பிறகு 1987இல் அதைத் தொடங்கியிருக்கிறார். அந்த வயதில் எங்கள் ஆட்கள் வி.ஆர்.எஸ். வாங்கினால் எவ்வளவு கைக்கு வரும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். சொந்தமாகச் சிப் வடிவமைக்க மாட்டேன், யார் வரைந்து கொடுத்தாலும் செய்து தருவேன் என்பதுதான் அவர் யோசனை. அவர்கள் வாங்கும் பெரிய இயந்திரங்கள் நீ இருக்கும் நெதர்லாந்தில் வெல்ட்ஹோவனில் ஏ.எஸ்.எம்.எல். செய்பவை. மாப்பிள்ளைக்கு இது பிடிக்கும், அவரையும் கேட்கச் சொல். என்ன, கம்பெனி ஜெயித்த கதை என்பதால் கொஞ்சம் புகழ்ச்சி தூக்கலாக இருக்கும். உப்பைக் குறைத்துக்கொண்டு சாப்பிடு.

ரிப்ளை ஆல் என்ற நிகழ்ச்சி 2022இலேயே நின்றுவிட்டது, பழையது கிடைக்கிறது. 2017இல் வந்த லாங் டிஸ்டன்ஸ் என்ற பகுதியை மட்டுமாவது கேள். மோசடி போன் செய்தவனையே அலெக்ஸ் கோல்ட்மேன் திரும்பத் திரும்பக் கூப்பிட்டுப் பேசி, கடைசியில் டெல்லிக்கே வந்து நிற்கிறார். போனில் பேசுகிறவன் எப்படிப் பேசிப் பேசியே நம்மை உட்காரவைக்கிறான் என்பதை அதில் காது குளிரக் கேட்கலாம். இங்கே இப்போது போலீஸ் என்று சொல்லி வீடியோ காலில் வந்து, டிஜிட்டல் அரெஸ்ட் என்று பயமுறுத்துகிறார்கள். அப்படிச் சட்டத்தில் ஒன்றுமே கிடையாது என்று 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் சொன்னார், ஆனாலும் மாட்டுகிறார்கள். இணைய மோசடிக்கான 1930 என்ற உதவி எண்ணை நம் தெருப் பெண்கள் எல்லாருடைய போனிலும் நானே பதிந்து கொடுத்திருக்கிறேன்.

கேட்பதற்கு ஆன்டெனாபாட் என்ற செயலியைப் போட்டுக்கொள். இலவசம், விளம்பரத் தொல்லை இல்லை. ஒவ்வொரு நிகழ்ச்சியும் தன் பகுதிகளின் பட்டியலைத் தன் முகவரியிலேயே ஒரு ஃபீடாக வைத்திருக்கும். செயலி அங்கே போய்ப் புதிது வந்திருக்கிறதா என்று பார்த்து எடுத்துவரும், அவ்வளவுதான். இருபது வருஷத்துக்கு முன்னால் டேவ் வைனர், ஆடம் கறி போன்றவர்கள் போட்ட வழி, நடுவில் முதலாளி கிடையாது. நான் முன்பு வைத்திருந்த செயலியை ஒருநாள் மூடிவிட்டார்கள். எதிர்வீட்டுப் பையன் என் பட்டியல் மொத்தத்தையும் ஒரே கோப்பாக எடுத்து இதில் போட்டுக் கொடுத்தான், ஒன்றும் போகவில்லை.

ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டால் சீக்கிரம் முடியும் என்று நீ சொன்னாய். எனக்கு வேண்டாம். முள் கத்தரிக்காயைக் காம்பு குத்தாமல் பிடித்து நறுக்குகிற வேகத்துக்கு அவர்கள் பேசுகிற வேகம் சரியாக இருக்கிறது. குக்கர் சத்தம் கேட்கவேண்டுமே என்று ஒரு காதில் மட்டும்தான் மாட்டுவேன். நீயும் சைக்கிளில் போகும்போது இரண்டு காதையும் அடைத்துக்கொள்ளாதே, சொல்லிவிட்டேன்.

தமிழில் இந்த மாதிரி கேட்க ஆசைதான். தாத்தா சிற்றலை ரேடியோவைத் திருகித் திருகி பி.பி.சி. தமிழோசை கேட்பார். 1941இல் தொடங்கியது, 2017 ஏப்ரல் கடைசியோடு வானொலியில் நின்றுபோனது. தமிழில் நான் இப்போது கேட்பது கதையும் அரசியலும்தான். பிரிண்டர் கதையை யாராவது நம் பாஷையில் இரண்டு மணி நேரம் பொறுமையாகச் சொல்லமாட்டார்களா என்று இருக்கிறது. நீயே ஆரம்பி என்கிறார் எதிர்வீட்டுப் பையனின் அம்மா. எனக்கு வீட்டில் வேலை கிடக்கிறது.

சரி, 72ஐ இந்த வாரம் கேட்டு முடித்துவிடு. ஒரு வழக்கு பாக்கி இருக்கிறது. பிரிண்டரை வெள்ளிக்கிழமையே சரிசெய்திருந்தாலும் பணம் போயிருக்கும், எல்லாம் முன்னாலேயே போய்விட்டதே என்கிறார் அப்பா. டாக்காவில் வெள்ளி சாயங்காலம் என்றால் நியூயார்க்கில் வெள்ளி காலை, அங்கே ஆபீஸ் திறந்திருக்கும், மணிலாவில் எடுப்பதற்குள் ஒரு பகுதியையாவது நிறுத்தியிருக்கலாம் என்கிறேன் நான். அடுத்த ஞாயிறு கூப்பிடும்போது நீ யார் கட்சி என்று சொல்.

அன்புடன்,
அம்மா