புகார் கடிதம்: பட்டனே இல்லாத பெட்டியில் பட்டன் வேலை செய்கிறதாம்

பெறுநர்: மேலாளர் அவர்கள், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

அனுப்புநர்: பங்காளிகள் ஐந்து பேர் சார்பில், பள்ளத்தூர், சிவகங்கை மாவட்டம்

பொருள்: தை மாதம் எங்கள் வீட்டில் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானே விழுந்து, அதாவது ட்ரிப் ஆகி, சப்ளையை நிறுத்துகிற பெட்டி) சோதனை செய்ததாக நீங்கள் கொடுத்த சான்றிதழ் பற்றி.

ஐயா,

எங்கள் வீடு தாத்தா காலத்தது. முகப்பு ஒரு தெருவில் இருந்தால் பின்கட்டுக் கதவு அடுத்த தெருவில் திறக்கும். பங்காளிகள் ஐந்து பேருமே வெளியூர். வருஷத்தில் பத்து மாதம் பூட்டித்தான் கிடக்கும். காவல்காரர் குடும்பம் மட்டும் முகப்பை ஒட்டி இருக்கிறது. வயரிங்கில் பாதி மரச்சட்டம் மேல் ஓடுகிற பழசு, அதில் எலி கடித்தது போக மிச்சம். மாசியில் படைப்புக்கு (வீட்டுப் படையலுக்கு) எண்பது பேர் கூடுவார்கள் என்பதால், பயந்துபோய்த்தான் உங்களைக் கூப்பிட்டோம். 8,500 ரூபாய், ஜி.எஸ்.டி. சேர்த்து 10,030. முன்பணமாகவே கட்டினோம்.

உங்கள் டெக்னீஷியன் வந்தார், காபி குடித்தார், அரை மணி நேரத்தில் கிளம்பிவிட்டார். நான்காம் நாள் சான்றிதழ் வந்தது. மூன்று பெட்டிகளும் 'திருப்தி'. அதைப் பார்த்து நாங்களும் திருப்தி அடைந்தோம். அங்கேதான் ஏமாந்தோம்.

படைப்புக்கு முதல் நாள் இரண்டாம் கட்டில் மாவு ஆட்டிக்கொண்டிருந்தார்கள். தரை முழுக்க ஈரம். கிரைண்டரில் மாவு வழிக்கப் போன சமையல் உதவி அம்மாளின் கை பாத்திரத்தோடு ஒட்டிக்கொண்டது. கத்தக்கூட முடியவில்லை அவரால். பக்கத்தில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த ஆச்சி பார்த்துவிட்டு, மணைக்கட்டையாலேயே பிளக்கைத் தட்டிவிட்டார். அவ்வளவு நேரமும் பெட்டி விழவில்லை. அந்த அம்மாளைக் காரைக்குடிக்குக் கொண்டுபோய் ஈ.சி.ஜி. எடுத்து, மறுநாள் காலை வரை வைத்திருந்து அனுப்பினார்கள். செலவு 4,600 ரூபாய். உயிர் பிழைத்தது குலதெய்வம் புண்ணியம், உங்கள் புண்ணியம் இல்லை.

எங்கள் பக்கத் தப்பையும் நானே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. கிரைண்டர் வாடகைக்கு எடுத்தது. அதன் எர்த் வயர் பிளக்குக்குள் மாட்டப்படாமல் தொங்கிக்கொண்டிருந்தது. சரி. ஆனால் இந்த மாதிரித் தப்பு நடந்தால் ஆளைக் காப்பாற்றத்தானே அந்தப் பெட்டியே?

படைப்பு முடிந்ததும் காரைக்குடியிலிருந்து ஒரு எலக்ட்ரீஷியனை வரவழைத்தோம். அவர் கையில் மீட்டர் இருந்தது. மூன்று பெட்டிகளையும் திறந்து பார்த்தவர், சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியாமல் என்னைப் பக்கத்தில் வரச் சொன்னார்.

இரண்டாம் கட்டுப் பெட்டியின் முகத்திலேயே, அது விழ வேண்டிய கசிவு அளவு 300 மில்லி ஆம்பியர் என்று அச்சடித்திருக்கிறது. உங்கள் சான்றிதழில் 30. ஒரு சைபர் போய்விட்டது. 300 என்பது தீப்பிடிக்காமல் இருக்கப் போடுவது, ஆளைக் காப்பாற்ற 30 வேண்டும். பத்துப் பதினைந்து மில்லி ஆம்பியர் உடம்பில் ஓடினாலே கை பிடித்ததை விடாது. அந்த அம்மாள் துடித்தபோது பெட்டி சும்மா இருந்ததில் ஆச்சரியமே இல்லை.

மோட்டார் ரூம் பெட்டியில் இருப்பது ஆர்.சி.சி.பி.யே இல்லை, சாதாரண எம்.சி.பி. அது லோடு கூடினாலோ ஷார்ட் ஆனாலோதான் விழும். கசிவு அதற்குத் தெரியாது. அதில் டெஸ்ட் பட்டனே கிடையாது. உங்கள் சான்றிதழில் அந்த வரிசையில் 'டெஸ்ட் பட்டன் வேலை செய்கிறது' என்று டிக் அடித்திருக்கிறீர்கள். எந்தப் பட்டன் ஐயா?

அப்புறம் சான்றிதழில் இருக்கிற அந்த எண்கள், எத்தனை மில்லி ஆம்பியர் விட்டால் எவ்வளவு நேரத்தில் பெட்டி விழுந்தது என்பது. எல்லாக் கட்டத்திலும் 28 மில்லி செகண்ட். 15 மில்லி ஆம்பியர் கட்டத்திலும் 28. பெட்டிக்குக் குறித்த அளவில் பாதி (30க்கு 15) விட்டால் பெட்டி விழக்கூடாது, 30 விட்டால் 300 மில்லி செகண்டுக்குள் விழ வேண்டும், 150 விட்டால் 40க்குள் என்று அந்த எலக்ட்ரீஷியன் மீட்டரை வைத்து ஒவ்வொன்றாகக் காட்டினார். 15லேயே 28 மில்லி செகண்டில் விழுந்தது உண்மை என்றால், அதுவே கோளாறு. உங்கள் தாளே உங்கள் தாளைப் பொய் என்கிறது.

காவல்காரர் மனைவி சொன்னதையும் எழுதிவிடுகிறேன். உங்கள் ஆள் வந்த நேரம் அவர் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தாராம். டி.வி. ஒரே தடவைதான் நின்றதாம். 30லும் 150லும், ஏ.சி. கரண்ட் அலையின் மேல், கீழ் இரண்டு பக்கத்திலும் சோதித்திருந்தால் டி.வி.க்குக் கரண்ட் போகிற பெட்டியில் மட்டும் நாலு தடவை கரண்ட் போயிருக்க வேண்டும். பட்டனை ஒரு தரம் அமுக்கிவிட்டுப் போயிருக்கிறார், அவ்வளவுதான்.

போனில் கேட்டபோது உங்கள் அலுவலகத்தில், 'பட்டன் அமுக்கினால் விழுகிறது சார், அப்போ நல்லாத்தான் இருக்கு' என்றார்கள். பட்டன் அமுக்கினால் 300 பெட்டியும்தான் விழும். எத்தனை மில்லி ஆம்பியரில், எவ்வளவு நேரத்தில் என்று பட்டன் சொல்லாது. எர்த் சரியாக இருக்கிறதா என்றும் சொல்லாது. மாதம் ஒரு தரம் பட்டன் அமுக்க எங்கள் காவல்காரரே போதும், அதற்கு 10,030 ரூபாய் எதற்கு?

இரண்டு பெட்டியிலும் இப்போது 30 மாட்டியாகிவிட்டது. மாட்டிய அன்றே இரண்டாம் கட்டுப் பெட்டி விழுந்துகொண்டே இருந்தது. பின்கட்டு விளக்குக்கு கரண்ட் இரண்டாம் கட்டுப் பெட்டியிலிருந்தும், கரண்ட் திரும்புகிற நியூட்ரல் வயர் மோட்டார் ரூம் பெட்டியிலிருந்தும் எடுத்திருக்கிறார்கள், எந்தக் காலத்திலோ. போன கரண்ட் அதே பெட்டிக்குத் திரும்பாததால் பெட்டி அதைக் கசிவு என்று எடுத்துக்கொள்கிறது. 300 இருந்தவரை அது வாயைத் திறக்கவில்லை. கண்டுபிடிக்க அரை நாள் ஆனது. இதைத்தான் நாங்கள் உங்களிடம் எதிர்பார்த்தோம்.

சான்றிதழே இல்லாமல் இருந்திருந்தால் சமையல்காரரிடம், 'பழைய வயரிங், ஜாக்கிரதை' என்று வழக்கம்போலச் சொல்லியிருப்போம். இந்தத் தடவை, 'எல்லாம் டெஸ்ட் பண்ணியாச்சு' என்றேன். நான்தான் சொன்னேன்.

10,030 ரூபாயையும் ஆஸ்பத்திரிச் செலவு 4,600 ரூபாயையும் திருப்பித் தர வேண்டும். அந்தச் சான்றிதழ் செல்லாது என்று எழுத்தில் தர வேண்டும். மறுபடி சோதிக்க உங்கள் ஆள் வர வேண்டாம். இதே டெக்னீஷியன் எங்கள் பக்கம் எத்தனை வீட்டுக்குக் கையெழுத்துப் போட்டாரோ, அந்த வீட்டுக்காரர்களுக்கு நீங்களே போன் செய்து மறுசோதனை செய்து கொடுங்கள். பணத்தைவிட எங்களுக்கு இதுதான் முக்கியம். சித்திரை பிறந்தால் கல்யாணங்கள் தொடங்கிவிடும், பூட்டிக் கிடக்கிற வீடெல்லாம் திறப்பார்கள்.

15 நாளுக்குள் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவு செய்துவிட்டு, சிவகங்கை நுகர்வோர் ஆணையத்துக்குப் போவோம். சான்றிதழ் நகல், பில், 300 என்று தெரிகிற பெட்டியின் படம், பட்டன் இல்லாத பெட்டியின் படம் எல்லாம் இத்துடன் வைத்திருக்கிறேன். கழற்றிய பெட்டிகள் இரண்டும் என்னிடமே இருக்கின்றன.

இப்படிக்கு,
பங்காளிகளில் மூத்தவன்